சட்டையைக் கழட்டாத மகன்

எனக்கு மார்பு வளர்ந்தது. அறுபத்தொரு வயதில், மீசை வைத்த, பேத்தி எடுத்த ஆம்பளைக்கு. இதைப் பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லப் போவதில்லை. பக்குவம் பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை கேடும் வந்தது.

ஈப்போவில் ஜெலாப்பாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓய்வு வயது தாண்டியும் ஆள் பற்றாமல் வைத்திருந்தார்கள். திடீரென்று அரை மணிக்கு ஒரு தடவை கழிப்பறைக்கு ஓட வேண்டியதாயிற்று. ஓடிப்போய் நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கூட வேலை செய்தவர்கள், “அண்ணே, அங்க என்னா குடும்பம் நடத்துறீங்களா?” என்று கேலி பேசினார்கள். நானும் சிரித்தேன். பிறகு ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். புரோஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் சின்ன வயசு. என்னைப் பார்த்தார் என்று சொல்வதே தப்பு, கம்ப்யூட்டரைத்தான் பார்த்தார். ஆம்பளையின் உடம்பில் ஊறும் ஹார்மோன்தான் இந்தப் புற்றுக்குச் சோறு, அந்தச் சோறு அதற்குப் போய்ச் சேராமல் இந்த மாத்திரை மறித்துக்கொள்ளும் என்று மலாயில் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார், இன்றுவரை எனக்கு மறக்கவில்லை. தினமும் ஒன்று, விடாமல் சாப்பிட வேண்டும். ஈரலைக் கெடுக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது ரத்தம் கொடுக்க வேண்டும். “அடா சோவாலான்?” ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். கேட்கும்போதே அடுத்த ஆளின் நம்பரை அழுத்திவிட்டார். வெளியே மணி அடித்தது. என்ன கேள்வி கேட்பது? எனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தால்தானே கேள்வி வரும்?

மருந்துக் கவுண்டரில் ஒரு பிளாஸ்டிக் பையில் அட்டைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். மேலே மருந்தின் பெயர், பைகலுடமைட். கீழே ஒரு நாளைக்கு ஒன்று என்று எழுதியிருந்தது. உள்ளே விளக்கத்தாள் எதுவும் இல்லை.

மாத்திரையைக் குறை சொல்ல மாட்டேன். அது செய்ய வந்த வேலையைச் செய்தது. ரத்தத்தில் ஏறிக்கிடந்த புற்றின் அளவு மளமளவென்று இறங்கியது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு டாக்டர் இருப்பார். கம்ப்யூட்டரைப் பார்த்து, “பாகுஸ்,” நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புவார். என் சட்டைக்குள் என்ன நடக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

நாலாவது மாதம் மார்புக் காம்பு இரண்டும் வலிக்க ஆரம்பித்தன. பனியன் உரசினால் வலிக்கும். காரில் பெல்ட் போட்டால் உயிர் போகும். பிறகு வீங்கியது. கோப்பித்தியாம் காப்பிக்கடையில் ஆவியில் வேகவைத்து விற்கிற சின்ன பாவ் ரொட்டி இரண்டை ஒட்டிவைத்த மாதிரி. கை கால் மயிரெல்லாம் உதிர்ந்து வழுவழுவென்று ஆனது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கழுத்திலிருந்து உச்சந்தலை வரைக்கும் குப்பென்று சூடு ஏறி, சட்டை தொப்பலாக நனையும்.

என் மனைவி அதைப் பார்த்துச் சிரித்தாள். “எனக்குத் தீட்டு நின்ன வயசுல இப்புடி வந்தப்ப என்னா சொன்னீங்க? தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கொண்டு போயி விடவான்னு கேட்டீங்கள்ல? இப்ப அனுபவிங்க, நல்லா அனுபவிங்க.” சொல்லிவிட்டு விசிறி எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம் எனக்குக் கோபம் இல்லை.

அந்த ஆசையும் போயிற்று. போனதுகூடப் பரவாயில்லை. போயிற்றே என்ற வருத்தமும் சேர்ந்து போயிற்று, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சும்மா இருக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி பார்த்து அழுதிருக்கிறேன், யாரிடம் சொல்ல?

“டாக்டருகிட்ட சட்டையத் தூக்கிக் காமிங்க” என்று மனைவி படித்துப் படித்துச் சொன்னாள். அறைக்குள் இரண்டு நர்ஸ் நிற்பார்கள். சில நாள் படிக்கிற பிள்ளைகள் வேறு நாலைந்து பேர் சுவரோரம் நிற்பார்கள். அங்கே போய் நான் சட்டையைத் தூக்கவா? மானம் போகாதா? “வாய மூடிக்கிட்டு இரு. யாருகிட்டயாச்சும் மூச்சு விட்ட, நடக்கறதே வேற” என்று அவளை அதட்டினேன். எங்கள் மகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். புற்றுநோய் என்றே யாருக்கும் சொல்லக் கூடாது, எனக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணனுக்கும் சொல்லக் கூடாது என்று. புற்றுநோய் என்றால் எங்கே என்று கேட்பார்கள். எங்கே என்று சொன்னால் அடுத்தது மற்றதெல்லாம் வரும்.

தளர்வான சட்டை இரண்டு அளவு பெரிதாக வாங்கினேன். உள்ளே இறுக்கமான பனியன். ஈப்போ வெயிலில் அந்த இரண்டையும் போட்டுக்கொண்டு திரிந்தால் தெரியும் என் கஷ்டம். கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் லகாட் பக்கம் இருந்தது. ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்த்து வரிசை வரிசையாக வீடு கட்டிவிட்டார்கள், கோயிலை மட்டும் எங்கள் ஆட்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வருஷத் திருவிழாவில் சாமி தூக்குகிறவர்களில் நானும் ஒருவன், முன் கட்டையில் வலது பக்கம். சட்டை போட்டுக்கொண்டு சாமி தூக்க முடியாது. இடுப்பு வலி என்று சொல்லி இரண்டு வருஷம் போகவில்லை.

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து மோட்டார் சைக்கிளில் போனால் தலை சுற்றியது. என்னோடு இருபது வருஷம் வேலை செய்த நண்பன் ஒருவன் ஓய்வுக்குப் பிறகு ஒரு சர்ச்சுக்கு வேன் ஓட்டினான். ரத்தம் கொடுக்கப் போகும் நாளில் அவன்தான் என்னை ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் விடுவான். என்ன வியாதி என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நல்லவன். வேனின் இரண்டு பக்கமும் பெரிய சிலுவை வரைந்திருக்கும். அது ஒரு விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா லகாட்டில் அண்ணன் வீட்டில் இருந்தாள். தொண்ணூறை நெருங்கிவிட்டாள், நடக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை நான் போனால் கட்டிலிலிருந்து தூக்கி வாசல் நாற்காலியில் உட்கார வைப்பேன். தூக்கும்போது தலையை என் நெஞ்சில் சாய்த்துக்கொள்வாள். மார்பு வீங்கிய பிறகு ஒரு நாள் அப்படிச் சாய்ந்தபோது எனக்கு வலி தாங்கவில்லை, “ஆ” என்று கத்தி அவளைக் கட்டிலிலேயே போட்டுவிட்டேன். போட்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் கண்ணை உருட்டிப் பார்த்தாள். அதன் பிறகு நான் தூக்கவில்லை. இடுப்பு வலிம்மா, அண்ணன் தூக்கட்டும் என்றேன்.

போன வருஷம் ஒரு காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா போய்ச் சேர்ந்தாள்.

எங்கள் ஆட்களில் அப்பாவுக்கு மூத்த பிள்ளை கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளைய பிள்ளை. அப்பாவுக்கு அண்ணன் வைத்தார். அம்மாவுக்கு நான்தான். அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அம்மாவே சொல்லுவாள், அடிக்கும்போதுகூடச் சொல்லுவாள், “கொள்ளி வைக்கப்போற கை, கொஞ்சம் வேலையும் செய்யட்டும்” என்று. எனக்கென்று அவள் வைத்திருந்த பாத்தியதை அது ஒன்றுதான்.

அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. அம்மாவைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பழைய தோட்டத்து ஆட்கள் எங்கெங்கேயிருந்தோ வந்திருந்தார்கள். மறுநாள் மதியம் பண்டாரம் சடங்கைத் தொடங்கினார். வீட்டுப் பக்கவாட்டுக் குழாயில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு, வெற்று உடம்பில் திருநீறு பூசி நிற்க வேண்டும். பிறகு சுடுகாட்டில் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னாலிருந்து குடத்தில் ஓட்டை போடுவார்கள். தண்ணீர் பீய்ச்சி உடம்பெல்லாம் வழியும். சட்டையோடு தூக்கினாலும் நனைந்து ஒட்டிக்கொள்ளும். முதல் நாளிலிருந்தே இதையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்தவள் முகத்தைப் பார்த்து அழ வேண்டிய நேரத்தில் சட்டையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், த்தூ.

குழாயடியில் போய் நின்றேன். தலையில் தண்ணீர் ஊற்றப் போனார்கள். பக்கத்தில் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா நின்றார், அந்தத் தோட்டத்துக் கோயிலுக்குத் தலைவர். எண்பது வயதிலும் குரல் கணீரென்று இருக்கும்.

“டேய், சட்டையக் கழட்டுடா.”

“இருக்கட்டும் மாமா.”

“என்னா இருக்கட்டும்? சட்டையோடவா கொள்ளி வைப்ப?”

“ஒடம்பு சரியில்ல மாமா. இருக்கட்டும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். “நானும் ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கோயிலுக்கு வர மாட்டேங்கற. சாமி தூக்க மாட்டேங்கற. சர்ச்சு வண்டியில ஏறிப் போறன்னு என் மருமகன் கண்ணால பாத்துட்டு வந்து சொன்னான், நான்தான் நம்பல. இப்ப நெஞ்சுல துண்ணூறு படக் கூடாதா ஒனக்கு? வேதத்துல சேந்துட்டியா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாக. புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு மார்பு வளர்ந்தவனைக் கிறிஸ்தவனாக மதம் மாறிவிட்டான் என்கிறார்கள். உலகத்தில் வேறு எந்த ஜனங்களுக்கும் இப்படிக் கணக்குப் போட வராது. சட்டையைக் கழட்டவில்லையா, அப்போ வேதக்காரன். முடிந்தது விசாரணை. எவனாவது ஒருவன், உடம்புக்கு என்னடா என்று ஒரு தடவை கேட்டானா? ஒருவனும் கேட்கவில்லை. பந்தலில் இருந்த முகமெல்லாம் என் பக்கம் திரும்பியது. பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

இல்லை என்று சொன்னால் சட்டையைக் கழட்ட வேண்டும். ஆமாம் என்று சொன்னால் என் அம்மாவுக்கு நான் கொள்ளி வைக்க முடியாது. சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து அந்தச் சூடு வந்தது. கழுத்து, காது, நெற்றி எல்லாம் கொதித்து வியர்வை ஆறாக ஓடியது. “பாருங்கய்யா, எப்புடி வேர்க்குதுன்னு” என்றார் மாமா. “பெத்தவ சும்மா விடுவாளா?”

“மாமா, அவுருக்கு ஒடம்புல...” என்று என் மனைவி முன்னால் வந்தாள். நான் முறைத்தேன். முந்தானையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள்.

அண்ணன் என் கையைப் பிடித்தார். “தம்பி, இல்லன்னு ஒரு வார்த்த சொல்றா. ஒரே ஒரு வார்த்த. மத்தத நான் பாத்துக்கறேன்.” கெஞ்சினார். எழுபது வயது மனுஷன்.

“நீங்களே வைங்கண்ணே” என்றேன்.

அவர் கையை விட்டார். தன் சட்டையைக் கழட்டிக் கொடியில் போட்டார். எலும்பு தெரிகிற, தட்டையான, நரைத்த மயிர் உள்ள ஆம்பளை நெஞ்சு. பொறாமையாக இருந்தது எனக்கு. அந்த இடத்தில், அந்த நேரத்தில், கூடப்பிறந்தவன் நெஞ்சைப் பார்த்துப் பொறாமை.

சுடுகாட்டில் நான் கேட்டுக்குப் பக்கத்தில் கடைசியில் நின்றேன். அண்ணன் குடத்தோடு சுற்றியது தெரிந்தது, தண்ணீர் பீய்ச்சியது தெரிந்தது, குடம் உடைகிற சத்தம் கேட்டது. பெட்டியை எரிக்கிற அடுப்புக்குள் தள்ளிக் கதவை மூடினார்கள். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. டிசம்பர் மாதம் மாமாவின் மருமகனிடமிருந்து போனுக்கு ஒரு வாழ்த்துப் படம் வந்தது, ஆட்டுக்குட்டியும் நட்சத்திரமும் போட்டு, உங்களுக்கும் குடும்பத்துக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து என்று. குத்திக் காட்டுகிறானா, மரியாதைக்கு அனுப்புகிறானா தெரியவில்லை. போனைச் சுவரில் எறிந்தேன். மனைவி பொறுக்கி எடுத்து வந்து, “ஒடஞ்சது போன் மட்டுந்தானா?” என்று கேட்டாள்.

இந்த வருஷம் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். பெண். சிலோன் தமிழர் வீட்டுப் பிள்ளை என்று பேச்சிலேயே தெரிந்தது. எனக்கு இருமல் இருந்தது.

“சட்டையைக் கழட்டுங்கோ ஐயா, நெஞ்சைப் பாக்கவேணும்.”

முடியாது என்றேன். அவர் நர்ஸை வெளியே போகச் சொல்லித் திரையை இழுத்துவிட்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றார். கழட்டினேன். பனியனையும் கழட்டினேன். அவர் முகம் சுளிக்கவில்லை, சிரிக்கவில்லை. விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார்.

“எவ்வளவு காலமா இப்படி இருக்கு?”

“மாத்திரை ஆரம்பிச்ச நாலாவது மாசத்துலேருந்து.”

“ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“யாரும் கேக்கல டாக்டர்.”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தார். வேறு மருந்து சேர்க்காமல் இந்த மாத்திரையை மட்டும் சாப்பிடுகிற ஆம்பளைகளில் அதிகம் பேருக்கு இது வரும் என்றார். அதிகம் பேருக்கு! எனக்கு மட்டும் வந்த சாபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். “தொடங்க முன்னமே நெஞ்சுக்குக் கொஞ்சம் கதிர்ச் சிகிச்சை குடுத்திருக்கலாம். இல்லாட்டி வீங்கத் தொடங்கின உடனை வேற ஒரு மாத்திரை சேர்த்திருக்கலாம். எல்லாருக்கும் நிக்கும் எண்டு சொல்லமாட்டன். ஆனா கனபேருக்கு நிக்கும். இப்ப உள்ளுக்கை சதை இறுகிப்போச்சுது. இனி வெட்டித்தான் எடுக்கவேணும்.” பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “உங்களுக்கு இதை முதல் நாளே சொல்லியிருக்கவேணும். பிழை எங்கட பக்கம்” என்றார்.

மூன்று வருஷத்தில் பிழை என்று சொன்ன முதல் ஆள் அவர். அவரைப் போய்த் திட்ட முடியுமா? மற்றவர்களைத் திட்டினேன். சட்டைப் பொத்தானைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டு நடைபாதையில் நின்று சத்தம் போட்டுத் திட்டினேன். சொல்ல அரை நிமிஷம் ஆகுமாடா? மார்பு வீங்கும் ஐயா, வீங்கினால் வந்து சொல்லுங்கள், அதற்கும் மருந்து இருக்கிறது. இவ்வளவுதானே? வாயில் என்ன வைத்திருந்தீர்கள்? காவலாளி வந்து, “அங்கிள், சபார், சபார்” என்று தோளைத் தொட்டான். பொறுமையாம். பொறுத்ததெல்லாம் போதாதா?

வெளியே வந்து கார் பிடித்து நேராக லகாட்டுக்குப் போனேன். அம்மா செத்த பிறகு அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. அண்ணன் தனியாக மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் அவர் முன்னால் நின்று சட்டையையும் பனியனையும் கழட்டினேன்.

“என்னடா இது?”

சொன்னேன். மூத்திரக் கோளாறிலிருந்து அன்றைக்கு டாக்டர் சொன்னது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். கையில் சோறு காய்ந்துபோகும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதுக்காடா?” என்றார். மறுபடி, “இதுக்காடா?” என்றார். “என்கிட்ட சொல்லியிருந்தா சுடுகாட்டுல ஒருத்தன உள்ள விட்டிருப்பேனா? அத்தன பேரையும் கேட்டுக்கு வெளிய நிக்க வச்சிருப்பேனேடா. மாமாவையும்தான். நீ, நான், பெட்டியில அம்மா. வேற யாரு பாத்திருப்பா?”

 இத்தனை வருஷம் ஊரையெல்லாம் திட்டினேனே, இந்த மனுஷனிடம் ஏன் சொல்லவில்லை? அதற்கு எந்த டாக்டர் காரணம்? நானே என் வாயைத் தைத்துக்கொண்டேன்.

அண்ணன் எச்சில் கையோடு எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். “நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்டா.”

“என்னாண்ணே?”

“கொடத்தோட மூணாவது சுத்து சுத்தறப்ப அம்மா தலமாட்டுக்கு வந்து நின்னேன்ல, அப்ப அதுகிட்ட சொன்னேன். சின்னவன எதிர்பாக்காதம்மா, அவன் நம்மள விட்டுட்டுப் போயிட்டான்னு. மெதுவாத்தான் சொன்னேன். காதுகிட்ட குனிஞ்சு சொன்னேன்.”

சொல்லிவிட்டு அழுதார். என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. நான் அவரைத் தேற்றவில்லை. வெற்று உடம்போடு நின்று, வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினேன். “ஏண்ணே அதுகிட்ட சொன்னீங்க? ஏண்ணே சொன்னீங்க?” என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் சோற்றுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.